கியர் விழுகிற சத்தம்

சாந்தம்மாள் மறுபடியும் மண்ணைக் கரைத்துக்கொண்டிருந்தாள்.

முதலில் கரைத்தது கிணற்று மேட்டு மண். அது வேலைக்கு ஆகவில்லை. "அது பொறவு வாங்குன காட்டு மண்ணு. அதுல என்ர தம்பிக்கு என்ன ஆசை இருக்கப் போவுது? எங்கப்பங்காட்டு மண்ணைக் கொண்டாங்க" என்று ஆளை விரட்டி, வடகாட்டுச் செம்மண்ணில் ஒரு பிடி வாங்கி, வெள்ளி டம்ளரில் போட்டு விரலால் கலக்கினாள். போக வேண்டிய உயிர் போகாமல் இழுத்துக்கொண்டு கிடந்தால் அது எதன் மேலோ மாட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். மண்ணாசை என்றால் மண்ணைக் கரைத்து ஊற்ற வேண்டும். பொன்னாசை என்றால் பொன்னை உரசி ஊற்ற வேண்டும். சுப்பாத்தாளின் தோட்டைக் கழற்றிச் சந்தனக் கல்லில் உரசி அதையும் ஊற்றிப் பார்த்தாகிவிட்டது. மூன்றாவதாக ஓர் ஆசை உண்டே, அதற்கு என்ன கரைப்பது என்று சாந்தம்மாளுக்குத் தெரியாது. தெரிந்தாலும் தம்பி பெண்டாட்டியை முன்னால் வைத்துக்கொண்டு சொல்லியிருக்க மாட்டாள்.

"வாயைத் தொறந்து புடி புள்ள" என்றாள்.

சுப்பாத்தாள் கணவனின் தாடையைப் பிடித்துத் திறந்தாள். செந்நிறத் தண்ணீர் கால் சங்கு உள்ளே போயிற்று, முக்கால் சங்கு கழுத்து வழியே தலையணைக்கு வந்தது. நஞ்சப்பன் கண்ணைத் திறக்கவில்லை. தொண்டையில் அந்தக் கொர்கொர் மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. வலது பக்கம் முழுக்க விழுந்து, பேச்சும் போய், பாலக்காட்டு ஆஸ்பத்திரியில் இனிமேல் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிய பிறகு, கூடத்துக் கட்டிலில் அவர் இப்படியே கிடந்தார். தண்ணீர் இறங்கவில்லை, தூக்கம் இல்லை, விழிப்பும் இல்லை. பார்க்க வந்த உறவுக்காரர்கள் எல்லாம், "பாவம், நல்ல மனுசன், வெசையா போயிட்டா தேவலை" என்று சொல்லிவிட்டுக் காப்பி குடித்துவிட்டுப் போனார்கள்.

சுப்பாத்தாளுக்கும் அதுதான் வேண்டும். மனசார வேண்டும். நாற்பத்தைந்து வருசம் வெயிலிலும் பாறையிலும் நின்ற உடம்பு இப்படிப் புழுவாய்க் கிடப்பதைப் பார்த்துக்கொண்டு அவளால் ஒரு வாய்ச் சோறு தின்ன முடியவில்லை. சாமிக்கு நேர்ந்துகொண்டதுகூட 'எழுந்து நடக்க வை' என்று அல்ல. 'இன்னிக்காவது கூட்டீட்டுப் போயிரு மாரியாத்தா' என்றுதான்.

"எறங்கலையே நங்கையா" என்றாள் நாத்தனாரிடம்.

"எறங்கலை. எதுலதான் மாட்டீட்டுக் கெடக்கறானோ, கெரகம்!"

அப்போதுதான் வெளியே ஒரு சத்தம் கேட்டது.

அதற்குக் கொஞ்ச நேரம் முன்பிருந்தே வாசலில் கோகுல்நாத் நின்றுகொண்டிருந்தான். ஒரே மகன். மாங்காய் சீசன் என்பதால் தோப்பில் பறிப்பு நடந்துகொண்டிருந்தது, லாரி ஒன்று சுமை ஏற்றக் காத்திருந்தது. அவனோ அதைக் கவனிக்கிற நிலையில் இல்லை. வாய்விட்டுச் சொல்லாமல் அவன் பந்தலுக்கு இடம் பார்த்துக்கொண்டிருந்தான். அப்பாவின் காரியம் என்றால் கோவிந்தாபுரத்திலிருந்து கொல்லங்கோடு வரை ஜனம் வரும். கார்கள் நிற்க வேண்டும், நாற்காலி போட வேண்டும். ஆனால் வாசலின் நட்ட நடுவில், வீட்டுக்கு மூஞ்சியைக் காட்டிக்கொண்டு, அப்பாவின் செயின் டிராக்டர் நின்றது.

சக்கரத்துக்குப் பதிலாக இரும்புச் செயினில் ஊர்கிற பழைய வண்டி. இடுக்கியில் சூரியநெல்லி எஸ்டேட்டில் ரோடு வெட்டிக்கொண்டிருந்ததை நஞ்சப்பன் ஏலத்தில் எடுத்து, லாரியில் ஏற்றி, மலையிலிருந்து இறக்கிக் கொண்டுவந்தார். ஊரே சிரித்தது. "நஞ்சப்பன் யானை வாங்கீட்டு வந்திருக்கறான், கரும்புக்கு எங்க போவான்?" என்றது. அப்புறம் அதே ஊர், கல்லும் கள்ளியுமாகக் கிடந்த தன் காட்டைச் சமன்படுத்த அவர் வாசலில் வந்து நின்றது. முதலமடையில் இன்றைக்குக் காய்த்து நிற்கிற தோப்புகளில் எத்தனையோ தோப்புக்கு அடிமண்ணைப் புரட்டிப் போட்டது அந்த வண்டிதான். போன ஆடியில் காலில் வலுக் குறைந்தபோது, அன்றைக்குக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தியவர் மறுபடி ஏறவில்லை. வேறு யாரையும் ஏறவும் விடவில்லை. மகன் என்ன, மந்திரி வந்தாலும் விடமாட்டார். "நீ பல்லைக் கடிக்க உட்டுருவே, எறங்கு" என்பார். கியர் போடும்போது உள்ளே பல்லும் பல்லும் உரசி அலறுவதைத்தான் அப்படிச் சொல்வார். அவருக்கு அந்தச் சத்தம் ஆகவே ஆகாது.

அதை ஓரமாக நகர்த்த, கோகுல் லாரி பேட்டரியைக் கழற்றி அதில் மாட்டினான். வண்டி இரண்டு தடவை இருமியது, கரும்புகை கக்கியது, மூன்றாவது முறை பிடித்துக்கொண்டது. பறிப்பு ஆட்கள் கூடையை வைத்துவிட்டு ஓடி வந்தார்கள். கோகுல் இடக்கைப் பக்கத்து நீள லீவரை முன்னால் தள்ளிக் கிளட்சை விட்டு, வலக்கையால் கியரை இழுத்தான்.

கர்ர்ர்ரக்!

வீட்டு ஓடு அதிர்ந்தது. கூடத்தில் சாந்தம்மாள் டம்ளரைத் தவறவிட்டாள். கட்டிலில் நஞ்சப்பனின் இடது கை எழுந்தது. எத்தனை நாளாகவோ அசையாத கை! நெஞ்சிலிருந்து தானாக எழுந்து, விரல்களை மடக்கி, எதையோ பிடித்து, முன்னால் தள்ளியது. ஒரு தடவை. மறுபடியும் ஒரு தடவை, இன்னும் ஓங்கி. முகத்தில் பாதி கோணிக்கொண்டது. வெளியே இன்னொரு கர்ரக். கை மறுபடி தள்ளியது.

"அத்தெ! மாமா கை!" என்று மருமகள் யோகப்பிரியா கத்தினாள்.

சுப்பாத்தாள் அதற்குள் வாசலில் இருந்தாள். அறுபத்தெட்டு வயதுப் பெண்பிள்ளை அப்படி ஓடி யாரும் பார்த்ததில்லை.

"நிறுத்து கண்ணு! நிறுத்தறா! உங்கப்பனுக்குக் கேக்குது!"

கோகுல் இன்ஜினை அணைத்தான். அவன் முகம் வெளுத்துப்போயிருந்தது. "கேக்குதா? அப்பனுக்கா?"

"கேக்குதாவா? நீ அங்க பல்லைக் கடிக்க உட்டா அவரு இங்க லீவரைத் தள்ளறாருடா! இன்னுந் தள்ளு, இன்னுந் தள்ளுன்னு கையை ஆட்டறாரு!"

பின்னாலேயே சாந்தம்மாள் வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூச்சு வாங்கியது. டிராக்டரை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அட எழவே! மண்ணுமில்லே, பொன்னுமில்லே. இந்த இரும்புச் சனியன் மேல மாட்டீட்டுக் கெடக்கறானா என்ர தம்பி!"

அவ்வளவுதான். அந்த வார்த்தை விழுந்ததும் வீட்டில் காற்றே மாறிவிட்டது. இத்தனை நாளாய் எல்லோரும் குசுகுசுவென்று பேசி, நுனிக்காலில் நடந்து, சாவுக்குக் காத்துக் கிடந்த வீடு. இப்போது செய்வதற்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது.

கோகுல்தான் தயங்கினான். "அம்மா, கியரே உழுக மாட்டீங்குது. ஜேசிபி வரச் சொல்லீருக்கறேன். கட்டி இழுத்து ஓரமாப் போட்டறலாம்."

"இழுக்கறதா? அந்த மனுசன் காது கேக்கறப்பவே, அவரு வண்டிய செத்த மாட்டையாட்ட இழுத்துட்டுப் போவியா? அதையுங் கேட்டுட்டுக் கெடக்கோணுமா?" சுப்பாத்தாள் வண்டியின் செயினில் கையை வைத்தாள். "கியரு சத்தமில்லாம உழுகோணும். உழுந்து, வண்டி அவரு காதுபட ஒரு சுத்து ஓடோணும். அப்பத்தான் அவரு போவாரு. ஏசுதாசுக்குப் போனைப் போடு."

ஏசுதாஸ் கொல்லங்கோட்டில் பட்டறை வைத்திருப்பவன். சூரியநெல்லிக்காரன். இதே வண்டியை எஸ்டேட்டில் ஓட்டியவர் அவனுடைய அப்பா. விஷயத்தைக் கேட்டதும் அவன் ஒன்றும் கேலி செய்யவில்லை. "வாரேன்" என்று மட்டும் சொன்னான். வெயில் உச்சிக்கு ஏறுவதற்குள் ஸ்கூட்டரில் தகரப்பெட்டியோடு வந்து இறங்கிவிட்டான். நேராக உள்ளே போய் நஞ்சப்பனின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, பிறகுதான் வண்டிக்கு வந்தான். ஸ்டார்ட் செய்து, லீவரைத் தள்ளி, கியரைத் தொட்டுப் பார்த்தான். சின்னதாய் ஒரு கர்ர். உடனே கையை எடுத்துவிட்டான்.

"கிளட்ச் பிரேக்கு பிடிக்கலம்மா" என்றான்.

"அப்பிடீன்னா?"

"இன்ஜினுக்கும் கியருக்கும் நடுவுல ஒரு தண்டு இருக்கு. கிளட்சைத் தள்ளிட்டா இன்ஜின் அதை விட்டுரும். ஆனா தண்டு விடாதும்மா. சுத்துன வேகத்துலேயே சும்மா சுத்திக்கிட்டுக் கெடக்கும். அதைப் பிடிச்சு நிறுத்தத்தான் இந்தக் குட்டி பிரேக்கு. லீவரைக் கடைசி வரைக்கும் தள்ளுனா அது போய்த் தண்டை அமுக்கும். தண்டு நின்னாத்தான் கியரு சத்தமில்லாம விழும். அய்யா கையை ஆட்டுறாகன்னீகளே, சரியாத்தான் ஆட்டுறாக. கடைசி வரைக்கும் தள்ளச் சொல்லுறாக."

சுப்பாத்தாள் கூடத்து ஜன்னலைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "பண்ணீர முடியுமா தம்பி? இன்னிக்கே?"

"தொறந்து பாத்துருவோம்."

சீட்டுக்கு முன்னால் தரைத் தகட்டில் ஒரு சின்ன மூடி. அதைக் கழற்றி, டார்ச் அடித்து, விரலை உள்ளே விட்டான் ஏசுதாஸ். விரல் சொட்டச் சொட்ட வெளியே வந்தது. முகர்ந்தான். நெற்றியைச் சுருக்கினான். மறுபடி முகர்ந்தான்.

"இது கியர் ஆயிலும் இல்ல, கிரீசும் இல்ல. இது... வெளக்கெண்ணெ வாடையில்ல அடிக்குது?"

எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். சுப்பாத்தாள் மட்டும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"அம்மா?" என்றான் கோகுல்.

"என்னைய எதுக்குடா பாக்கறே?" என்று சீறினாள். பிறகு குரல் இறங்கியது. "சனிக்கெழமை சனிக்கெழமை நாந்தான் ஊத்துனேன். ஆடியிலிருந்து உங்கப்பன் ஏற முடியாம, ஜன்னலுக்குள்ளிருந்து அதையே பாத்துட்டு உக்காந்திருப்பாரு. துரு ஏறிப் போயிருமேன்னு கண்ணுல தண்ணி உடுவாரு. அவருக்கு எண்ணெ தேச்சு உடறப்ப, மிச்சத்தைக் கொண்டுபோய் அதுக்கும் ஊத்தீட்டு வந்து, 'உங்க வண்டிக்குந் தண்ணி வாத்துட்டனுங்க'ம்பேன். சிரிப்பாரு. அந்த மூடியத்தான் அவரு தொறந்து தொறந்து பாத்துட்டிருப்பாரு. அதான் அதுக்குள்ள ஊத்துனேன். நல்ல எண்ணெதான். நம்ம கொட்டமுத்து ஆட்டுன எண்ணெ."

ஏசுதாஸ் சிரிப்பை அடக்கப் பார்த்தான். முடியவில்லை. "அம்மா, இந்த வண்டியில எங்க வேணும்னாலும் எண்ணெ ஊத்தலாம். ஒரே ஒரு எடத்துக்குத்தான் ஆகாது. அதைத் தேடிப் பாத்து ஊத்தியிருக்கீக!"

"அதான பாத்தேன்!" என்று கையைத் தட்டினாள் சாந்தம்மாள். "நீ இங்க ஆடியிலிருந்து எண்ணெய ஊத்தி வெச்சிருக்கறே. அங்க அவன் உசுரு வழுக்கீட்டு வழுக்கீட்டுக் கெடக்குது!"

லாரி டிரைவர் முதலில் சிரித்தான். பிறகு பறிப்புப் பெண்கள். கோகுல் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தான். சாவு வீடாகப் போகிற வீட்டு வாசலில் இப்படி ஒரு சிரிப்பு! சுப்பாத்தாளும் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தவள், சிரிப்பு முடியும் இடம் தெரியாமல் அழுதாள். டிராக்டரின் செயின் மேல் உட்கார்ந்து ஓவென்று அழுதுவிட்டு, மூக்கைச் சிந்திவிட்டு, "செரி, இப்ப என்ன பண்ணோணும்? சொல்லு தம்பி" என்று எழுந்தாள்.

சும்மா சொல்லக் கூடாது, அந்த மத்தியானம் ஒரு கல்யாண வேலை நடந்தது. ஏசுதாஸ் உள்ளே படுத்து, நெளிந்து, பிரேக்குக் கட்டையைக் கழற்றி எடுத்தான். உள்ளங்கை அகல இரும்பு, அதன் மேல், தண்டை உரசிப் பிடிக்க வேண்டிய லைனர் எண்ணெய் குடித்துக் கறுத்துப்போயிருந்தது. "இது இனி அடுப்புக்குத்தான் ஆகும்" என்றான். புது லைனர் எங்கே கிடைக்கும் என்று பேச்சு வந்தபோது, லாரி டிரைவர் தன் வண்டியின் டூல்ஸ் பெட்டியிலிருந்து பிரேக் லைனர் ஒன்றை எடுத்துவந்து நீட்டினான். "லோடு நாளைக்குப் போனாப் போவுதுங்க. இது மொதல்ல ஆகட்டும்" என்றான். அதை வாளால் அறுத்து அளவாக்கினார்கள். கோகுல் பிடித்துக்கொள்ள, ஏசுதாஸ் ஓட்டை போட்டான். தண்டும் கூடும் பெட்ரோலில் கழுவப்பட்டன. ஒரு சொட்டு எண்ணெய் மிச்சமில்லாமல் துடைக்கப் பறிப்புப் பெண்கள் பழைய துணி கிழித்துக் கொடுத்தார்கள்.

நஞ்சப்பனைக் கடைசியாகப் பார்க்க வந்த சனம் முழுக்க டிராக்டரைச் சுற்றி நின்றது. ஆளுக்கொரு யோசனை. கிளட்ச் பிரேக் என்ற பெயரையே காலையில்தான் கேள்விப்பட்டவர்கள் எல்லாம் சாயங்காலத்துக்குள் அதில் பெரிய நிபுணர் ஆகிவிட்டார்கள். சாந்தம்மாள் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வேலை சுணங்கும்போதெல்லாம் அதட்டினாள். மண் கரைத்த டம்ளரைப் பற்றி அவளுக்கு நினைவே இல்லை.

உள்ளே கட்டிலருகே யோகப்பிரியா மட்டும். சுப்பாத்தாள் கால் தரையில் பாவாமல் உள்ளேயும் வெளியேயும் ஓடினாள். ஒரு தடவை உள்ளே வந்து, கட்டிலில் உட்கார்ந்து, கணவனின் இடக்கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஏனுங்க, கேக்குதுங்களா? உங்க வண்டிக்கு கிளட்ச் பிரேக்கு போடறாங்க. எண்ணெய ஊத்திக் கெடுத்தது நாந்தானுங்க. நல்லாத் திட்டிக்குங்க. சித்தெ நேரம் பொறுத்துக்குங்க, ஆயிரும்."

தொண்டையிலிருந்த கொர்கொர் நின்றிருந்ததை அவள் அப்போதுதான் கவனித்தாள். மூச்சு சீராக, மெதுவாக, வந்து போய்க்கொண்டிருந்தது.

"கொஞ்ச நேரமாவே இப்பிடித்தானுங்க அத்தெ" என்றாள் யோகப்பிரியா. "ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து இப்பிடி நெதானமா மூச்சு உட்டதே இல்லீங்க. காத்துட்டிருக்கறாருன்னு நெனைக்கறேன்."

சுப்பாத்தாள் அவர் விரல்களை இறுக்கிப் பிடித்தாள். காத்துக்கொண்டிருக்கிறார். வேலை முடியக் காத்துக்கொண்டிருக்கிறார். அப்படியானால் வேலை முடிந்ததும்...

காலையிலிருந்து அவள் ஓடிய ஓட்டமெல்லாம் எதற்கு என்று அவளுக்கே தெரியாதா என்ன? தெரியும். வாயால் நூறு தடவை சொல்லியிருக்கிறாள். ஆனால் இப்போது அந்தக் கை மடியில் சூடாக இருந்தது. நகத்தில் இன்னும் போன வருசத்துக் கருப்பு இருந்தது. மூச்சு நன்றாக இருந்தது. இப்படியே கிடந்தால்தான் என்ன? புழுவாய்க் கிடக்கட்டுமே, நான் பார்த்துக்கொள்ள மாட்டேனா?

"அம்மா, ரிவிட்டு அடிக்கப் போறோம், வாரீகளா?" என்று வெளியிலிருந்து ஏசுதாஸ் கூப்பிட்டான்.

லைனரை இரும்புக் கட்டையோடு சேர்த்து அடிக்கச் செம்பு ரிவிட்டுகள். சூரியநெல்லியில் அப்பா வைத்திருந்ததில் மிஞ்சியவை என்று பெட்டியின் அடியிலிருந்து தேடி எடுத்து, தூசியில் விழுந்துவிடாமல் இருக்கச் சுப்பாத்தாளின் உள்ளங்கையில் கொட்டினான். ஓட்டைக்குச் சரியாக இருந்தது, உபரி ஒன்றும் இல்லை. அவள் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். அவன் ஓட்டையில் நுழைத்து, திருப்பி, சுத்தியால் தட்டித் தலையை விரித்தான். டிங், டிங், டிங். "லைனருக்கு உள்ள அமுங்கி இருக்கணும். மேல துருத்துனா தண்டைக் கீறிப்புடும்" என்று சொல்லிக்கொண்டே அடித்தான். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது.

"இன்னொண்ணு குடுங்கம்மா" என்றான்.

சுப்பாத்தாள் கையை நீட்டவில்லை.

"ஒண்ணு கொறையுதே. கீழ விழுந்துருச்சோ?" என்றான் ஏசுதாஸ்.

கோகுல் உடனே மண்டியிட்டுத் தரையைத் தடவினான். லாரி டிரைவர் டார்ச்சோடு செயினுக்கு அடியில் புகுந்தான். பறிப்புப் பெண்கள் வரிசையாகக் குனிந்து புழுதியை விரலால் கோதினார்கள். "செம்புங்க, மினுக்குன்னு தெரியும், பாருங்க, பாருங்க" என்று ஒரே பரபரப்பு. சாந்தம்மாள்கூட நாற்காலியை விட்டு இறங்கி, தன் புடவை மடிப்பை உதறினாள். உதறிவிட்டு நிமிர்ந்தவளின் கண், சுப்பாத்தாளின் வலது கையில் நின்றது. அது இறுக மூடியிருந்தது. விரல் கணுக்கள் வெளுத்திருந்தன.

சாந்தம்மாள் பக்கத்தில் வந்தாள். மூடிய அந்தக் கையின் மேல் தன் கையை வைத்தாள்.

"எனக்கும் அவன் ஒரே தம்பி, புள்ள" என்றாள், யாருக்கும் கேட்காமல்.

சுப்பாத்தாள் அவளைப் பார்த்தாள். கீழே புழுதியில் தவழ்கிற மகனைப் பார்த்தாள். பிறகு கையை விரித்தாள். ரிவிட்டு உள்ளங்கையில் பதிந்து குழி விழுந்திருந்தது.

"இங்கதான் இருக்குது தம்பி. வேர்வையில ஒட்டீருச்சு" என்றாள்.

ஏசுதாஸ் வாங்கிக்கொண்டான். அவன் தலையை நிமிர்த்தவே இல்லை. டிங், டிங், டிங்.

கட்டை உள்ளே போயிற்று. லீவரைத் தள்ளித் தள்ளிப் பார்த்து, நட்டை முறுக்கி, இடைவெளியைச் சரிபார்த்து, மூடியைப் போட்டான். கோகுல் துணியை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டு விலகி நின்றான்.

"நீங்க ஏறுங்க" என்றான் ஏசுதாஸ்.

"நானா? அப்பன் உடமாட்டாரு."

"ஏறுங்கங்கேன். நான் பின்னால நிக்கேன். லீவரைக் கடைசி வரைக்கும் தள்ளி, ஒரு நொடி அப்படியே பிடிங்க. அவசரப்படாதீக."

சுப்பாத்தாள் உள்ளே போனாள். கூடத்து ஜன்னல் இரண்டையும் அகலத் திறந்துவிட்டாள். கட்டிலில் உட்கார்ந்து கணவனின் இடக்கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள். பின்னால் சாந்தம்மாள் வந்து நின்றாள். யோகப்பிரியா பால் கிண்ணத்தை எடுத்து வந்தாள். சுப்பாத்தாள் சங்கில் பாலை எடுத்து அவர் உதட்டில் விட்டாள். கொஞ்சம் உள்ளே இறங்கியது.

"ஏனுங்க, உங்க மகன் ஏறியிருக்கறானுங்க. கேளுங்க. பல்லைக் கடிச்சா எந்திரிச்சு வந்து அடிங்க."

இன்ஜின் பிடித்தது. டுப் டுப் டுப் என்று ஜன்னல் கம்பி நடுங்கியது. அவள் கைக்குள் அவர் கை அசைந்தது. மெதுவாக விரல்கள் மடங்கின. அவளுடைய கட்டை விரலைப் பிடித்துக்கொண்டு, அந்தக் கை முன்னால் தள்ள ஆரம்பித்தது. சுப்பாத்தாள் கூடவே போனாள். இன்னும் தள்ளு, இன்னும். கடைசி வரைக்கும் தள்ளி, அங்கேயே அழுத்திப் பிடித்தது. வலுவென்றால் அப்படி ஒரு வலு. அவளுக்குக் கை வலித்தது.

வெளியே, டொக்.

அவ்வளவுதான் சத்தம். தாழ்ப்பாள் விழுகிற மாதிரி ஒரு சின்ன டொக். கரகரப்பில்லை, அலறலில்லை. அடுத்த நொடி செயின் கலகலவென்று உருள, வாசலில் கூட்டம் முழுக்க ஒரே கூச்சல். விசில் அடித்தார்கள். யாரோ "போவுதுடோய்! போவுதுடோய்!" என்று கத்தினார்கள்.

அழுத்திப் பிடித்திருந்த கை தளர்ந்தது. மெதுவாகப் பின்னால் வந்து, அவள் மடியில் விழுந்தது. ஒரு மூச்சு நீளமாக வெளியே போயிற்று. அடுத்த மூச்சுக்கு அவள் காத்திருந்தாள். வண்டி ஜன்னலைத் தாண்டிப் போயிற்று, தரை அதிர்ந்தது, சங்கில் மிச்சமிருந்த பால் தளும்பியது. மூச்சு வரவில்லை.

சாந்தம்மாள் குனிந்து முகத்தைப் பார்த்தாள். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி வாயைத் திறந்தாள். அந்த வாய் திறந்தால் மூன்று தோட்டத்துக்குக் கேட்கும். சுப்பாத்தாள் எட்டி அவள் வாயைப் பொத்தினாள்.

"சித்தெ பொறுங்க நங்கையா. சித்தெ."

யோகப்பிரியா புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சுவரோடு சாய்ந்தாள். சுப்பாத்தாள் கணவனின் கண்ணைத் தடவி மூடினாள். கையை எடுத்து நெஞ்சின் மேல் வைத்தாள். எழுந்து வாசலுக்கு வந்தாள்.

வெயில் சாய்ந்துவிட்டிருந்தது. வண்டி வேலியோரம் போய்த் திரும்பி, வீட்டைப் பார்த்து வந்துகொண்டிருந்தது. பின்னால் ஊரே ஓடி வந்தது. சீட்டில் கோகுல்நாத். முகமெல்லாம் கரி, தலையெல்லாம் புழுதி, வாய் கொள்ளாத சிரிப்பு. நாற்பதை நெருங்குகிற ஆள் அந்த உயரத்தில் உட்கார்ந்து, மாடு விரட்டுகிறவன் மாதிரி ஹோ ஹோ என்று கத்திக்கொண்டு வந்தான். வாசலுக்கு நேரே வந்ததும் லீவரைத் தள்ளி நிறுத்தினான்.

"அம்மா! கேட்டுச்சா? அப்பனுக்குக் கேட்டுச்சா?"

அவள் தலையை ஆட்டினாள்.

"ஒரு சத்தமில்லீம்மா! பாத்தியா? பல்லே கடிக்கலை! நாந்தான் போட்டேன்னு சொன்னியா?"

"சொன்னேன் கண்ணு."

"நிறுத்தீட்டு வரட்டா?"

சுப்பாத்தாள் ஒரு கையால் நிலையைப் பிடித்துக்கொண்டாள். மற்றக் கையைத் தூக்கி, மாந்தோப்பைக் காட்டி, காற்றில் பெரிதாக ஒரு வட்டம் போட்டாள்.

"இன்னொரு சுத்து சுத்தீட்டு வா சாமி!"

அவன் லீவரைக் கடைசி வரைக்கும் தள்ளி, ஒரு நொடி பிடித்து, கியரைப் போட்டான். விழுந்தது. வண்டி திரும்பித் தோப்புக்குள் நுழைந்தது. கூட்டமும் கூச்சலும் அதன் பின்னாலேயே போயின. சுப்பாத்தாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, உள்ளே எதுவும் தெரியாதபடி வாசற்படியை அடைத்து நின்று, மரங்களுக்கு நடுவே போய்க்கொண்டிருக்கிற மகனுக்குக் கையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.